யூதர் தெருவில் எட்டாவது பயணி

1

இருபத்தைந்து வருஷமாகக் குடியிருக்கும் ஊரில், போன ஞாயிற்றுக்கிழமை நான் சுற்றுலாப் பயணியாகப் போனேன். முழுக் கட்டணம் கட்டி, கழுத்தில் அட்டை மாட்டி, வாயை மூடிக்கொண்டு போனேன். கட்டணமும் அட்டையும் பரவாயில்லை. மூன்றாவதுதான் சிரமமாக இருந்தது.

இருபத்தைந்து வருஷம் என்பதே இந்த மாதம்தான் எனக்கு உறைத்தது. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரன். அதனால் வருஷா வருஷம் யாங்கூனில் தங்குவதற்கு அனுமதி புதுப்பிக்க வேண்டும். புகைப்படம், பழைய ரசீது, குடியிருப்புச் சான்று, அந்தச் சான்றுக்கு ஒரு சான்று என்று ஒரு கட்டு காகிதத்தோடு போய் வரிசையில் உட்காருவேன். எப்போது ஊர் திரும்புவதாக உத்தேசம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வரும். இந்த உளுந்து சீசன் முடிந்ததும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இந்தத் தடவை முத்திரை குத்திய அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து சீசன் ஆகிவிட்டதே என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

உளுந்துக்காகத்தான் விருதுநகரிலிருந்து இங்கே வந்தேன். நீங்கள் அங்கே காலையில் சாப்பிடும் இட்லியில் பாதி பர்மா உளுந்து. அது கப்பல் ஏறுமுன் சாம்பிள் எடுத்து, தட்டில் பரப்பி, கல் எவ்வளவு, மண் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் தொழில். சென்னை வியாபாரி ஒருவர் ஆறு மாதத்துக்கு என்று அனுப்பினார். ஐந்தாவது மாதம் யாங்கூனின் தாமுவே பேட்டையில் ராணியைப் பார்த்தேன். அவளுடைய தாத்தா ரயில்வேயில் வேலை பார்க்க வந்தவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஆறாவது மாதம் நான் திரும்பிப் போகவில்லை. ஊரில் என்னைக் கல்லுப் பார்க்கிற முத்துராஜ் என்பார்கள். இங்கே ஊ முத்து. ஊ என்பது இங்கே பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. அந்த எழுத்து என் பெயருக்கு முன்னால் ஒட்டிய அன்று எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். வீட்டில் மீனா, காகிதத்தில் மா யமின், மா என்பது இங்கே பெண் பெயருக்கு முன்னால் போடுவது. பர்மிய மொழியில் சண்டை போடுவாள், சிரிப்பாள், கனவு காண்பாள். தமிழ் கேட்டால் புரியும். வாயைத் திறந்தால் சாப்பாடு, தூக்கம், கோபம் மூன்றுக்குமான தமிழ் வரும். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். "ங"வைத் தாண்டி அவள் வரவில்லை. அது அவள் குற்றமா, "ங"வின் குற்றமா என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

வழிகாட்டிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். சியாங்மாயில் ஒரு ஓட்டலில் சிநேகிதி ஒருத்தி அவளுக்கும் இடம் பார்த்து வைத்திருந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் மா கின் கூப்பிட்டார். மா கின் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. டவுனில் பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டும் சிறிய நிறுவனம் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், யூதர்கள் வாழ்ந்த பகுதியைத் தமிழில் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும், அவர்கள் திருப்தியாகப் போனால் மீனாவுக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் சியாங்மாய். மீனா அதை மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தவன் நான். மகள் ஒரு மணி நேர விமானத்தில் பக்கத்து நாட்டுக்குப் போவதற்கு மூக்கைச் சிந்துகிறாயே என்று நீங்கள் கேட்கலாம். ராணியும் அதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் உள்ளே போய் அழுதாள்.

சனிக்கிழமை மாலை ஒரு சிக்கல். எட்டு ஆசிரியர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. எட்டுப் பேர் இல்லாவிட்டால் வேன் கிளம்பாது என்பது மா கின் வைத்திருக்கும் விதி. மீனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மா கின்னிடம் இன்னொரு விதியும் உண்டு: வழிகாட்டியின் சொந்தக்காரர் யாரும் கூட வரக்கூடாது. முன்பு ஒரு வழிகாட்டி மாமாவைக் கூட்டி வந்தாராம். அந்த மாமா பயணிகள் அத்தனை பேரையும் தன் ரத்தினக்கல் கடைக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து சொந்தபந்தம் தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு.

"அப்பா, நீ விருதுநகர் ஆளு. பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு. டூரிஸ்ட்டா வா. பர்மா பாஷை ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்னைத் தெரிஞ்ச மாதிரியே பாக்கக்கூடாது" என்றாள் மீனா.

நீங்கள் போகவே வேண்டாம், பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுவீர்கள் என்றாள் ராணி. அவள் நாக்கு எப்போதும் பலிக்கும்.

2

இருபத்தாறாம் தெருவுக்கு யாங்கூனில் வேலையில்லாமல் யாரும் போவதில்லை. இரண்டு பக்கமும் பெயிண்டுக் கடை, தூரிகைக் கடை, ஆணிக் கடை. தகர டப்பாக்கள் நடைபாதை வரை அடுக்கியிருக்கும். பக்கத்தில் பள்ளிவாசல், கொஞ்சம் நடந்தால் காளி கோயில். இவற்றுக்கு நடுவே வெள்ளையும் நீலமுமாக அந்த யூதக் கோயில். இருபத்தைந்து வருஷத்தில் அந்தத் தெருவில் நான் பெயிண்டு வாங்கியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். அந்தக் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை.

வேனில் எனக்குப் பக்கத்தில் சரோஜா டீச்சர் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்குவதற்குள் என் ஊர், தொழில், சர்க்கரை அளவு எல்லாம் கேட்டுவிட்டார். எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறேன் என்றார். தாமுவே பக்கம், சாப்பாடு நன்றாக இருக்கும், கரண்ட் அடிக்கடி போகும், முதலாளியம்மாவுக்குக் கொஞ்சம் முன்கோபம் என்றேன். பொய் ஒன்றுமில்லை. முன்வரிசையில் நடராஜன் சார், கணக்கு வாத்தியார். சிரித்தால் மார்க்குக் குறைந்துவிடும் என்று நினைக்கிற ரகம். மா கின் கடைசி இருக்கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் பார்க்கத் தெரியும்.

தெருவில் இறங்கிப் பத்தடி நடக்கவில்லை, பெயிண்டுக் கடைக்காரர் உள்ளேயிருந்து "ஊ முத்து" என்று கூப்பிட்டு உளுந்து விலை விசாரித்தார். நான் வானத்தில் எதையோ தேடினேன். அவர் விடவில்லை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். நல்லவேளை, மா கின் இன்னும் வேனை விட்டு இறங்கவில்லை. உங்களைத்தான் கூப்பிடுகிறார் போல என்றார் டீச்சர். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று சொல்லி முன்னால் நழுவினேன். மீனாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகே என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

கேட்டைக் கண்டதும் நாங்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைக் கழற்றினோம். யாரும் சொல்லவில்லை, கோயில் என்றால் கை தானாகப் போகிறது. நடராஜன் சார் ஒரு படி மேலே போய், திருச்செந்தூர் நினைப்பில் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். வாசலில் இருந்தவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். மீனா ஓடிவந்தாள்.

"செருப்பு போடு, செருப்பு போடு. சட்டையும் போடு தாத்தா. இங்க கால் மூடணும், தலையும் மூடணும். புத்தர் பகோடாவுல எல்லாம் கழட்டணும். இங்க எல்லாம் போடணும். நீ எல்லாரும் தொப்பி எடுத்துக்க."

அவளுடைய தமிழ் நானும் ராணியும் அவளிடம் பேசிய தமிழ். நாங்கள் அவளை வா, போ, நில்லு, தின்னு என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவளுக்கு வாங்க போங்க எங்கே தெரியும்? நடராஜன் சார் முகம் கரும்பலகை ஆனது. எனக்கு மண்டைக்குள் குறுகுறுவென்றது. வழிகாட்டியை எனக்குத் தெரியாது என்பதையும் மறந்து, சின்னப் பெண், மரியாதை தெரியாமல் இல்லை, பழக்கமில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டீச்சர் காதில் குசுகுசுத்தேன்.

"எதுக்கு சார் வைக்கப்போறேன்? எங்கம்மா போனப்புறம் என்னை நீன்னு கூப்பிட இந்த உலகத்துல ஆள் கிடையாது. கூப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுச் சின்ன வட்டத் தொப்பியை எடுத்து, என் தலையில் கோணலாக உட்கார்ந்திருந்ததைச் சரிசெய்தார்.

ஊரில் தலையில் துண்டோடு கோயிலுக்குள் நுழைந்தால் பூசாரி முறைப்பார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இங்கே தலை திறந்திருந்தால் மரியாதைக் குறைவு. சாமி ஒன்றாக இருந்தாலும் வாசலில் நிற்கிறவர்கள் ஊருக்கு ஊர் மாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். செருப்புக் காலோடு சன்னதியில் நிற்க உடம்பு ஒப்பவில்லை. விரல்களைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

உள்ளே உயரமான தூண்கள், மேலே பெண்களுக்கான மாடி, நடுவில் மேடை, பிரம்பு பின்னிய பெஞ்சுகள். மீனா பேசினாள். சிலை கிடையாது, பெட்டிக்குள் இருக்கும் புத்தகம்தான் இவர்களுக்குச் சாமி மாதிரி என்றாள். பாக்தாத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் கப்பலில் வந்தார்கள். அரிசி, தேக்கு, துணி விற்றார்கள். ஐஸ் கம்பெனி வைத்தார்கள். ஜப்பான் சண்டை வந்து குண்டு விழுந்தபோது நம் ஆட்களைப் போலவே கல்கத்தாப் பக்கம் ஓடினார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம், அவர்களிலும் மறுபடி போனவர்கள் நிறைய. இப்போது விரல்விட்டு எண்ணலாம் என்றாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் சொன்னாள். கை போதாத இடத்தில் இங்கிலீஷ். "காலியா இருக்குன்னு பாக்காதே. தினமும் கூட்டுறாங்க, தினமும் விளக்கு போடுறாங்க. யாராச்சும் வந்தா கதவு திறந்திருக்கணும்ல" என்றாள்.

இவளுக்கு இவ்வளவு எப்போது தெரிந்தது? நான் சாம்பிள் தட்டைக் கட்டிக்கொண்டு அழுத நாட்களில் இவள் இந்தத் தெருவில் வந்து உட்கார்ந்து, கேட்டு, படித்திருக்கிறாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் மா கின் நோட்டில் ஏதோ எழுதினார். நல்லதாகத்தான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அப்போதே நான் வயிற்றுவலி என்று வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

3

கல்லறைத் தோட்டம் அங்கிருந்து தூரம். மிங்கலா தவுங்ஞுன் என்ற பேட்டைப் பக்கம், வீடுகளுக்கு நடுவில். வேனில் போய் இறங்கினோம். அதைப் பார்த்துக்கொள்பவர் டாவ் மியா என்ற வயதான அம்மாள். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசி, கையில் சாவிக்கொத்தோடு நின்றார். யூதர் அல்ல, பர்மிய பௌத்தர். மாமியார் பார்த்த வேலையை இப்போது இவர் பார்க்கிறார். புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. கல்லறைகள் சாய்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. வருகையேட்டில் எல்லோரும் பெயர் எழுத வேண்டும் என்று மீனா ஆட்களை வாசலில் நிறுத்தினாள். நான் முதலிலேயே எழுதிவிட்டுத் தனியாக உள்ளே நடந்தேன். பேசாமல் இருக்க வேண்டுமானால் ஆள் இல்லாத இடம்தான் நல்லது.

அங்கே மூன்று கல்லறைகள் வரிசையாக இருந்தன. வழவழப்பான பலகைக் கல், அதன் மேல் பொடிப்பொடியாகக் கற்கள். சரளை, செங்கல் துண்டு, கூழாங்கல். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. எங்கள் விருதுநகரில் நவம்பர் பிறந்தால் கிறிஸ்தவப் பிள்ளைகள் குடும்பத்தோடு கல்லறைத் திருநாளுக்குக் கிளம்புவார்கள். பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு நானும் போவேன். கல்லைக் கழுவி, புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றும்வரை வேலை. தாத்தா முகத்தில் தூசி இருக்கலாமா என்பார்கள். இந்த மூன்று பேருக்கும் தூசி தட்ட ஒரு நாதி இல்லையே என்று நினைத்தேன். மனசு அப்படி நினைக்கும்போதே கை வேலையைத் தொடங்கிவிட்டது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கல் பொறுக்கின கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று கல்லறையையும் சுத்தமாகப் பொறுக்கினேன். பொறுக்கியதை அப்படியே எறிய மனம் வருமா? சாம்பிள் தட்டில் செய்வதுபோல ரகம் பிரித்தேன். சரளை ஒரு குவியல், செங்கல் ஒரு குவியல், வெள்ளைக் கூழாங்கல் ஒரு குவியல். கைக்குட்டையால் பலகையைத் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே திருப்தி.

நிமிர்ந்தபோது டாவ் மியா நின்றுகொண்டிருந்தார். முதலில் கல்லறைகளைப் பார்த்தார், பிறகு குவியல்களை. அடுத்த நிமிஷம் சத்தம் போட ஆரம்பித்தார்.

மீனாவும் மா கின்னும் ஓடிவந்தார்கள். டாவ் மியா சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நிற்பது அன்று காலையிலிருந்து செய்த எதையும்விடக் கஷ்டமாக இருந்தது. இவர்கள் பூ வைக்க மாட்டார்கள், கல்தான் வைப்பார்கள். வந்து பார்த்தேன், உன்னை மறக்கவில்லை என்று அர்த்தம். கடல் தாண்டி எத்தனையோ வருஷம் கழித்துத் தேடிக்கொண்டு வருகிற பேரப்பிள்ளைகள் வைத்த கல் அவை. போன மாதம் ஒரு பெண் வந்தாள், கைப்பையில் தன் ஊர்க் கடற்கரையிலிருந்து வெள்ளைக் கல் கொண்டுவந்து, முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தாள். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் நான் வாக்குக் கொடுத்தேன். இதைச் சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்தது.

மா கின் நிதானமானவர். வெளியூர்க்காரர், வழக்கம் தெரியாமல் செய்துவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மீனாவிடம் திரும்பி, அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்க வை, அதோடு முடிந்தது என்றார். உண்மையிலேயே அதோடு முடிந்திருக்கும். நான் தமிழில் ஒரு வார்த்தை முணுமுணுத்துத் தலையைக் குனிந்திருந்தால் போதும். மகளுக்கு வேலை. எனக்கு மகள்.

டாவ் மியா தாவணி மாதிரி தோளில் போட்டிருந்த துணியால் கண்ணைத் துடைத்தார். அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இங்கே பெரியவர்களைக் கும்பிடுகிற முறையில் இரண்டு கையையும் நெற்றிக்குத் தூக்கிக் கும்பிட்டு, பர்மிய மொழியில் பேசினேன். அம்மா, தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துகொள்ளாமல் செய்தேன், கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, எல்லாக் கல்லும் இங்கேதான் இருக்கிறது, ஒன்றுகூட வெளியே போகவில்லை, வெள்ளைக் கல்லைத் தனியாக வைத்திருக்கிறேன், எந்தக் கல்லறை என்று மட்டும் காட்டுங்கள், நானே வைக்கிறேன் என்றேன். இருபத்தைந்து வருஷப் பர்மியம். தாமுவே சந்தையின் வாடை அடிக்கிற பர்மியம்.

மா கின் என்னையே பார்த்தார். பிறகு, விருதுநகரில் பர்மா பாஷை நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் போலிருக்கிறதே என்றார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் ஏதாவது புளுகுவதற்குள் மீனா முன்னால் வந்தாள். "எங்கப்பா. எட்டுப் பேர் சேரலன்னு நான்தான் வரச் சொன்னேன். தப்பு என்னோடது" என்று மா கின்னிடம் பர்மிய மொழியில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

மா கின் நோட்டை மூடினார். மீனா அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் நின்ற ஏழு பேரையும் கூப்பிட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கல் எதற்கு வைக்கிறார்கள் என்று சொன்னாள். இந்த ஆள் என் அப்பா என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே நிற்கிற பையனாகிவிட்டேன். பிறகு எல்லோரும் ஆளுக்கு நான்கு கல்லாக எடுத்தார்கள். வெள்ளைக் கல்லை டாவ் மியா காட்டிய நடுக் கல்லறையில் நான் வைத்தேன். மற்றவற்றில் எது எதனுடையது என்று கேட்டேன். அது பரவாயில்லை, வைப்பதுதான் முக்கியம் என்றார் அந்த அம்மாள். கோபம் போய்விட்டிருந்தது. செங்கல் துண்டைக் கூட ரகம் பிரித்திருக்கிறாயே, உனக்கு என்ன வியாதி என்று கேட்டார். உளுந்து என்றேன்.

4

வேன் நேரே கிளம்பவில்லை. சுற்றுலா முடிந்ததும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, ஆளாளுக்கு ஒரு பக்கம் அபிப்பிராயம் எழுதுவது மா கின் வைத்திருக்கும் வழக்கம். தங்களுக்குப் பிடித்த மொழியில் எழுதலாம். குட்டிக் குட்டி ஸ்டூல்களில் எல்லோரும் உட்கார்ந்தோம். இனிப்பு டீ வந்தது, சமோசா வந்தது. நோட்டு என் பக்கம் வந்தபோது தள்ளிவிடப் பார்த்தேன். கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், எழுதுங்கள் என்றார் மா கின். எழுதினேன்.

எல்லாம் தமிழ். மீனாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இங்கிலீஷில் சொல்லட்டுமா என்றார் சரோஜா டீச்சர். மா கின் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினார். இரண்டு பாஷையும் தெரிந்தவர் நீங்கள்தானே, தமிழில் படித்துப் படித்து எனக்குப் பர்மியத்தில் சொல்லுங்கள் என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

முதல் ஆறும் தேன். டீச்சர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். பொறுப்பான பெண், உண்மையை மறைக்கத் தெரியாத பெண், அப்பாவை நம்ப வேண்டாம், முன்கோப முதலாளியம்மா யார் என்று இப்போது புரிகிறது என்று முடித்திருந்தார். அதையும் மொழிபெயர்த்தேன். மா கின் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஏழாவது நடராஜன் சார். படித்தேன். "பெண் நல்ல பெண். ஆனால் தமிழ் போதாது. பெரியவர்களை ஒருமையில் அழைக்கிறாள். பாதி விளக்கம் கையால் சொல்கிறாள். அடுத்த முறை தமிழ் சரியாகத் தெரிந்த வேறு ஆளை நியமிக்கவும்."

சார் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மா கின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆசிரியர்களுக்குப் பர்மியம் தெரியாது. நான் மாற்றிச் சொன்னால் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் மீனா. பொய்யோ அவளுக்காகத்தான். இந்தப் பெண் சந்தோஷமாக நடத்தினாள் என்று ஒரு வரி சொல்லிப் பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரி என் நாக்கு நுனிவரை வந்தது. மீனா என்னைப் பார்க்கவில்லை. டீக் கோப்பையைப் பார்த்தபடி, காதை மட்டும் எனக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கல்லறையில் அவள் தன் தப்பை மறைக்கவில்லை. நான் இங்கே மறைத்தால், அப்புறம் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வேறு ஆளை நியமிக்கவும் என்பதையும் சொன்னேன்.

அடுத்த பக்கத்தையும் படியுங்கள் என்றார் மா கின். அது என் கையெழுத்து. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "என் மகள் வேலை செய்வதை இன்றுதான் பார்த்தேன். இந்த ஊரில் எனக்குத் தெரியாத கதவெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் என்னோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வேலை கிடைக்க ஆசைப்பட்டேன். இப்போது அந்தப் பயம் இல்லை. யாங்கூனிலோ சியாங்மாயிலோ, நிற்கிற இடத்தில் நிற்பாள்." தமிழில் படித்து முடித்துவிட்டேன். பர்மியத்தில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். மீனா கையை நீட்டி நோட்டை வாங்கி, மிச்சத்தை நினைவிலிருந்து அவளே பர்மியத்தில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலும் கொஞ்சம் நனைந்துதான் இருந்தது.

மா கின் நோட்டை வாங்கி மூடினார். கடைசிப் பக்கம் கணக்கில் சேராது, சொந்தக்காரர் எழுதியது என்றார். ஏழாவது ஆள் எழுதும்போது தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதில் தேன் இல்லை என்பது தனக்கு அப்போதே தெரியும் என்றும், அப்பா அதை என்னவாகச் சொல்கிறார் என்று பார்க்கத்தான் நோட்டைக் கொடுத்ததாகவும் சொன்னார். தமிழைக் கற்றுக்கொள்ளலாம், மற்றதைக் கற்றுத்தர முடியாது என்றார். பிறகு மீனாவிடம் திரும்பி, "அடுத்த ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. மாசச் சம்பளம். தனியா வா" என்றார்.

ஆசிரியர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். காலையிலிருந்து மூட முடியாத வாய், திறக்க வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது. மீனாவே எழுந்து நின்று சொன்னாள்.

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு. அப்பா இனிமே வரக்கூடாது."

நடராஜன் சார்தான் முதலில் கை தட்டினார். பிறகு மற்றவர்கள் தட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.